சைக்கிள் கம்பியில் செய்த சாவி

மச்சான்,

ஈயம் பற்றவைக்கும் கம்பியைச் சூடாக்கி, உன் கித்தாரின் துருப்பிடித்த திருகில் முனையை வைத்தேன். புகை வருமென்று தெரியும். தேங்காயெண்ணெய் வாசனை வருமென்று நினைக்கவில்லை. தலைக்கு வழிய வழிய எண்ணெய் தடவிக்கொண்டு அதே கையால் கித்தாரைத் தூக்குவாயே, அந்த எண்ணெயும் உன் வியர்வையும் திருகுக்குள் இறங்கிக் காய்ந்து கிடந்திருக்கின்றன. நீ போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. மேசைப் பக்கத்தில் நீயே வந்து நின்ற மாதிரி இருந்தது. "கையக் கழுவிட்டுத் தொடுலா" என்று வாய்வரை வந்துவிட்டது.

எனக்கு எழுத்து வராது என்பது உனக்குத் தெரியும். நான் சொல்லச் சொல்ல என் பெரிய மகள் எழுதுகிறாள். ஞாபகத்துக்கு மட்டும் ஒரு குறையும் இல்லை. சுங்காய் தோட்டத்து ஒர்க்‌ஷாப்பில் நான் லாரிக்கு அடியில் படுத்திருந்தபோது, நீ முதன்முதலாக இந்தக் கித்தாரோடு வந்து என் கால்மாட்டில் நின்றாய். உன் செருப்பு நிறையப் பால்மரக்காட்டு மண்.

"மச்சான், தந்தியெல்லாம் கர்ரு கர்ருங்குது. என்னான்னு பாரேன்."

"நான் லாரி பாக்குறவன்லா."

"லாரியிலயும் கம்பி இருக்கு, இதுலயும் கம்பி இருக்கு. வெளிய வா."

கித்தாருக்கென்று ஒரு சாமானும் அன்றைக்கு என்னிடம் இல்லை. எஞ்சினில் இடைவெளி பார்க்கும் பீலர் கேஜ் இருந்தது. மடக்குக்கத்தி போல மடங்கி, விசிறி போல விரியும் மெல்லிய இரும்புத் தகடுகள். ஒவ்வொன்றிலும் ஓர் எண் அடித்திருக்கும். அதை நான் பார்த்ததே இல்லை. தகட்டைத் தந்திக்கு அடியில் நுழைத்தால், உரசுகிறதா, சும்மா போகிறதா என்று விரல் சொல்லிவிடும். இன்றைக்கு என் பிஸ்கட் டின்னில் எவ்வளவோ சேர்ந்துவிட்டன. தந்தி சுற்றும் கைப்பிடி, கித்தார் கழுத்தில் பதித்த குறுக்குக் கம்பிகளின் நுனியைத் தேய்க்க நகம் ராவுகிற சின்ன அரம், தூசு தட்டப் பழைய பல் பிரஷ், ஈயம். ஆனாலும் கித்தார் என்று ஒன்று மேசைக்கு வந்தால் முதலில் கை போவது அந்த கேஜுக்குத்தான்.

நமக்குள் வந்த சண்டையும் அதனால்தான். தந்தி தாழ்வாக இருந்தால்தான் விரல் ஓடும் என்பது என் கட்சி. ஒவ்வொரு தகடாக வைத்துப் பார்த்து, தந்தி உட்காரும் இரும்புக் கட்டைகளை இறக்கிக் கொடுப்பேன். நீ மேடை ஏறுவதற்கு முன்னால் எல்லாவற்றையும் மேலே ஏற்றிவிடுவாய். நம் தோட்டத்துத் திருவிழாவில் ஜெனரேட்டர் இருமிக்கொண்டு ஓடும், ஸ்பீக்கரில் பாதிச் சத்தம்தான் வரும், பக்கத்தில் டிரம் காதைக் கிழிக்கும். நீ ஓங்கி ஓங்கி அடிப்பாய். தாழ்ந்த தந்தி அந்த அடிக்குத் தாங்குமா? குறுக்குக் கம்பியில் இடித்துக் கர்ரென்றுவிடும்.

"ஏன்டா நான் வச்சதக் கலைச்ச?"

"அடிச்சா கடைசி வரிசைக்குக் கேக்கணும்லா மச்சான். தடவிக் குடுக்கவா நான் மேல ஏறுறேன்?"

கட்டைகளை ஏற்றி இறக்கும் குட்டித் திருகுகளுக்கு ஆறு மூலை எலன் கீ வேண்டும். அதை நான் ஒளித்து வைத்தேன். நீ அசரவில்லை. சைக்கிள் சக்கரத்துக் கம்பி ஒன்றை வெட்டி, நுனியை மூன்று மூலையாக ராவி, வால் பக்கத்தை வளையமாக வளைத்துச் சொந்தமாக ஒரு சாவி செய்துகொண்டாய். ஆறு மூலை ஓட்டையில் மூன்று மூலைக் கம்பி! அதைப் பார்த்து ஒர்க்‌ஷாப்பே சிரித்தது. "இதுக்கு உன் பல்லாலயே திருகலாம்" என்றேன். நீ அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, விசில் அடித்தபடி போனாய்.

போன வாரம் உன் மகள் ஈப்போவிலிருந்து கித்தாரைக் கொண்டுவந்தாள். கூடவே அவள் அம்மா, என் தங்கச்சியும் வந்தது. சனிக்கிழமை கல்யாண மண்டபத்தில் உன் மகளுடைய குழுவின் கச்சேரி. அப்பாவின் கித்தாரில்தான் வாசிப்பேன் என்று நின்றாள்.

"மூணு பாட்டுக்கு மேல அழுத்த முடியல மாமா. விரல் நுனியெல்லாம் வெடிச்சுப் போச்சு. கொஞ்சம் எறக்கிக் குடுங்க."

தங்கச்சி ஒத்துக்கொள்ளவில்லை. "அவரு கை கடைசியா வச்சது. அது அப்படியே இருக்கட்டும்ணே. இவளுக்கு வேற கித்தாரா இல்ல?"

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் கேஜை விரித்தேன். உன் தந்திக்கு அடியில் சரியாக உரசி நிற்கும்வரை தகடுகளைச் சேர்த்தேன். அந்தத் தகடுகளை மட்டும் கழற்றி எடுத்து, பழைய தந்தித் துண்டால் இறுக்கிக் கட்டித் தங்கச்சி கையில் வைத்தேன். "இதாம்மா அவன் வச்ச ஒசரம். எப்பச் சொன்னாலும் திருப்பி இங்கயே ஏத்திடுவேன்." அது அந்தத் தகடுகளை ரொம்ப நேரம் விரலால் தடவிப் பார்த்தது. பிறகு என்னிடமே கொடுத்துவிட்டு, "சரிண்ணே" என்றது.

இறக்கலாம் என்று உட்கார்ந்தால் திருகு அசையவில்லை. எண்ணெய் விட்டேன், சூடு வைத்தேன். துரு விட்டுக்கொடுத்தது, ஆனால் எலன் கீ பிடிமானமே இல்லாமல் சுற்றியது. நீ வருஷக்கணக்காக உன் கம்பியை விட்டுத் திருகித் திருகி ஓட்டையின் ஆறு மூலையையும் தின்று வைத்திருக்கிறாய். என்னிடம் இருந்த நல்ல சாவியெல்லாம் போட்டுப் பார்த்தேன், ஒன்றும் கவ்வவில்லை. ஈப்போ கித்தார்க் கடைக்காரர் கட்டைகளையே புதிதாக மாற்றிவிடலாம் என்றாராம். நியாயமான பேச்சுதான். ஆனால் 'கட்டையை மாற்று' என்றதும் தங்கச்சியின் முகம் போன போக்கை நீ பார்த்திருக்க வேண்டும்.

ஓட்டைக்குள் விளக்கடித்துப் பார்த்தேன். தேய்ந்த ஓட்டை உருண்டையாக இல்லை. மூன்று மூலை.

"தங்கச்சி, மச்சான் ஒரு சைக்கிள் கம்பி வச்சிருப்பானே, வளையம் போட்டு…"

"அதா? அடுப்பு ஓட்ட அடைச்சா குத்துறதுக்கு வச்சிருக்கேன்."

உன் மகள் சிரித்த சிரிப்பில் மேசை ஆடியது. மறுநாளே கம்பி வந்து சேர்ந்தது. கரியும் பிசுக்குமாக இருந்ததைத் துடைத்து, திருகுக்குள் விட்டேன். பூட்டில் அதன் சாவி விழுவது போல உட்கார்ந்தது. வளையத்தில் விரலைக் கொடுத்துத் திருப்பினேன். வெண்ணெயாகச் சுற்றியது, மச்சான்.

எல்லாத் தந்தியையும் என் கட்சிப்படி இறக்கிக் கொடுத்தேன். சனிக்கிழமை முன்வரிசையில் தங்கச்சி பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். உன் மகள் விரல் ஓடியதைச் சொல்லி முடியாது. மூன்று பாட்டு, நான்கு பாட்டு, முகம் சுளிக்கவே இல்லை. பிறகு ஆட்டப்பாட்டு ஒன்று வந்தது. ஓங்கி அடித்தாள் பார், உன் கை அப்படியே. தடித்த தந்தி கர்ரென்றது. பாட்டு முடிந்ததும் என்னைத் தேடிப் பார்த்து, இரண்டு விரலால் காற்றில் திருகிக் காட்டினாள்.

நான் மேடை ஏறி, சட்டைப்பையிலிருந்து உன் சாவியை எடுத்து, அந்தத் தந்தியை அரைச் சுற்று ஏற்றினேன். இறங்கி வந்து உட்கார்ந்ததும் தங்கச்சி என் காதோரம், "அவரு பக்கம் கொஞ்சம் சாஞ்சிட்டீங்க போல" என்றது.

போகும்போது கம்பியைத் திருப்பிக் கேட்டது. அடுப்பு அடைத்துக்கொண்டு கிடக்கிறதாம். அதற்கு வேறொரு கம்பி வளைத்துக் கொடுத்தனுப்பிவிட்டேன். தகட்டுக் கட்டு என் டின்னில் இருக்கிறது. அந்தத் தகடுகள் இல்லாமல் கேஜ் பல் விழுந்த மாதிரி நிற்கிறது. மற்ற வேலைக்கு வேறு கேஜ் வாங்கிக்கொண்டேன். உன் சாவி மட்டும் சட்டைப்பையைவிட்டு இறங்கவில்லை. அடுத்த கச்சேரி லூமுட்டில் என்று உன் மகள் சொல்லியிருக்கிறாள். நானும் போகிறேன். அந்தத் திருகில் வேறு எதுவும் ஏறாது.