பின்படியிலை இருந்த பிள்ளை

ஹொல்ம்லியா, ஒஸ்லோ
12.11.2006

அன்பு மகன் யூலியன்,

மடுமாதா காவலிலை நானும் அப்பாவும் சுகம், நீயும் வான்கூவரிலை நோய்நொடியில்லாமல் இருக்கிறாய் எண்டு நம்பி எழுதுறன். அப்பாவுக்கு முழங்கால் குத்து இன்னும் விடேல்லை. அக்கா நிலூஜா குரோருட்டிலை வீடு எடுத்திட்டாள், ஜன்னலாலை பாத்தால் மரம், கதவாலை பாத்தால் எங்கடை ஆக்கள், அதாலை ஜன்னலடியிலைதான் இருக்கிறாள்.

இது ஃபோனிலை சொல்ல ஏலாத கதை, அப்பா பக்கத்திலை இருப்பார். நான் துப்புரவு செய்யிற கிளினிக்கிலை எயிட்ஸ் கிருமி தொற்றாமல் பாக்கிறதுக்கு ஒரு பிரிவு இருக்கு. ஆம்பிளையளை விரும்புற ஆபிரிக்கப் பெடியள் ஒருக்கா வருவினம், பிறகு வரமாட்டினம். ஏன் வரேல்லை எண்டு கண்டுபிடிக்க ஒன்பது பேர் குழு போட்டவை, ஒன்பது பேரும் வெள்ளை, ஒருத்தரும் அந்தப் பெடியளிட்டைக் கேக்கேல்லை. மாதம் ஒருக்காக் கூடி ஜாம் பூசின வாபிள் சாப்பிட்டுப் பண்பாட்டுக் காரணம் எண்டு எழுதிப்போட்டுப் போவினம். வாபிள் சுடுறது நான்.

மார்ச் மாதம் ஒரு திங்கள் பின்படி துடைக்கேக்கை அந்த ஆபிரிக்கப் பெடியளிலை ஒருத்தன் பறந்து வந்து ஈரத்திலை வழுக்கி இருந்திட்டான். வாய் திறக்கமாட்டன் எண்டு வேலையிலை கையெழுத்து வைச்சனான், அதாலை அவனுக்கு யோசேப்பு எண்டு நானே பேர் வைக்கிறன். நோகுதோ எண்டு கேட்டன், சிரிச்சான், பிறகு அழுதான். ஆறு நாளைக்கு முதல் பயப்பிடுற மாதிரி ஒண்டு நடந்து, அடுத்த நாளே வந்திருக்கிறான். கிருமி ஒட்டாமல் இருக்க இருபத்தெட்டு நாள் விடாமல் விழுங்கிற குளிசை, முதல் ஐஞ்சு நாளுக்குக் குடுத்து விட்டவை. மிச்சம் வாங்க வந்தால் அறைக்குள்ளை மொழிபெயர்ப்பாளர் ஒருத்தர் இருக்கிறார். கடுதாசியிலை பேரைப் பாத்திட்டுக் கூப்பிட்டவையாம். அவர் இவன்ரை தேப்பனுக்குப் பக்கத்திலை நிண்டு வெள்ளிக்கு வெள்ளி தொழுகிற ஆள். “நான் இஞ்சை ஸ்டோவ்னரிலை பிறந்தனான், எனக்கெதுக்கு மொழிபெயர்ப்பாளர்?” எண்டான். அவன்ரை நொர்வேஜியன் அந்த டொக்டரின்ரையிலும் திறம். அண்டைக்கு விழுங்கக் குளிசை இல்லை, ஆனால் எயிட்ஸ் வருத்தம் வந்தாலும் பரவாயில்லை, திரும்பி உள்ளுக்குப் போகமாட்டன் எண்டு நிண்டான்.

நான் மொப்பை அவன்ரை கையிலை குடுத்து, ஆராவது வந்தால் துடைக்கிற மாதிரி நில், ஒருத்தரும் உன்னைப் பாக்கமாட்டினம், பதினாலு வரியமாய் என்னை ஒருத்தரும் பாக்கேல்லை எண்டு சொல்லிப்போட்டு மேலை ஓடினன். நர்ஸ் பெரித் குளிசையோடை இறங்கி வந்து ஈரப்படியிலை அவனுக்குப் பக்கத்திலை இருந்தா. விதிப்படி பிழை. நாலு மணிக்குப் பிறகு இந்தப் படியாலையே வா, பேர் கூப்பிடமாட்டம், வீட்டுக்குக் கடிதம் வராது, நான் எஸ்எம்எஸ் மட்டும் அனுப்புறன் எண்டா. பெடியன் இருபத்தெட்டு நாளும் விழுங்கினான். யூன் மாதம் ரத்தம் பாத்தது, கிருமி இல்லை. பெரித் சொன்ன உடனை என்னைத் தேடி வந்து கட்டிப்பிடிச்சான், அவனுக்கு என்ரை கையுறை மணத்திருக்கும். பிறகு தன்ரை சிநேகிதப் பெடியளையும் கூட்டி வந்தான். இப்ப வியாழனிலை ஆறேழு பேர், மூண்டு மாதத்துக்கு ஒருக்காத் தவறாமல் சோதிக்கினம். எங்கடை ஆக்கள் அவங்களைக் கறுப்பர் எண்டு சொல்லிச் சிரிக்கிறவை, எந்தக் கண்ணாடியிலை தங்கடை முகம் பாக்கினமோ தெரியாது.

குழுக் கூட்டத்திலை கோப்பி ஊத்தேக்கை துணிஞ்சு சொன்னன், பெடியள் வருத்தத்துக்குப் பயப்பிடேல்லை, ஆர் காணுவினம் எண்டுதான் பயம், அவங்களிட்டைக் கேளுங்கோ எண்டு. தலைவி நன்றி சொன்னா. கூட்டக் குறிப்பிலை வாபிள் நல்லாயிருந்தது எண்டு மட்டும் இருந்தது. போன மாதம் அறிக்கை வந்தது, திரும்பி வாற பெடியள் இரண்டு மடங்காம், காரணம் குழு அச்சடிச்ச புதுக் கலர்ப் புத்தகமாம். அந்தப் புத்தகப் பெட்டியள் களஞ்சியத்திலை ஒட்டின ரேப் பிரிக்காமல் கிடக்கு, தூசு தட்டுறது நான்.

அவையைப் பாத்துச் சிரிக்க எனக்கு என்ன உரிமை இருக்கு மகன். யோசேப்பு அழேக்கை நான் உன்னைத்தான் நினைச்சன். பத்தொன்பது வயதிலை, “அம்மா, ஒண்டு சொல்லவேணும்” எண்டு வந்து நிண்டாய். நான் தூசு உறிஞ்சிற மெசினைப் போட்டன். ஒன்பது வரியமாய் அது ஓடிக்கொண்டு இருக்கு, இண்டைக்குத்தான் நிப்பாட்டுறன். என்னெண்டு சொல்லு, கேக்கிறன். புஷ்பமலர் அன்ரி உனக்குப் பேசக் கொண்டுவந்த பொம்பிளைப்பிள்ளையின்ரை படத்தைத் திருப்பிக் குடுத்திட்டன். காரணம் கேட்டா, மகன் தனிய இல்லை எண்டன்.

மாதா உன்னையும் உன்னோடை இருக்கிற அந்த்ரேயையும் காப்பாத்துவா. இரண்டு பேரும் ஒழுங்காய் ரத்தம் சோதிச்சுக் கொள்ளுங்கோ, மறுமொழியை எனக்குச் சொல்லவேணும் எண்டில்லை. டிசம்பரிலை நத்தாருக்குச் சேர்ந்து வாங்கோ. அப்பாவுக்கு நான் சொல்லுறன். முதலிலை கத்துவார், பிறகு முழங்காலைத் தடவிக்கொண்டு ஏர்போட்டுக்கு வருவார்.

அன்புடன் அம்மா,
மரியகொறற்றி