முன்னாடி வைத்த கல்

அண்ணே,

இன்று காலை மாட்டுவண்டி அச்சுக்கு மை தடவிக்கொண்டிருந்தேன். அந்த வாடை மூக்கில் ஏறியதும் கை தானாக நின்றுவிட்டது. "டேய், சோத்துக்குக் கொழம்பு ஊத்துற மாதிரி ஊத்தாதே!" என்று பின்னாலிருந்து அதட்டுவீர்கள் என்று காத்திருந்தேன் போல. யாரும் அதட்டவில்லை. மீதி மையையும் தடவி முடித்தேன்.

ரோஸ் பெல் ஊர்ப் பக்கத்துச் சிறு கரும்புத் தோட்டக்காரர்களான நமக்கு அந்த மாட்டுவண்டிப் பந்தயம் வெறும் விளையாட்டாக இருந்ததில்லை. சர்க்கரை ஆலை திறப்பதற்கு முந்தின ஞாயிறு ஓடுவோம். ஜெயித்தவர் வண்டிக்குப் பருவம் முழுக்க ஆலை வாசலில் முதல் இடம். மற்றவர்களின் கரும்பு வெயிலில் கிடந்து காயும். நீங்களோ அந்த இடத்தை யாருக்கும் விட்டுத் தந்ததில்லை. சக்கரத்துக்கு அகலம் குறைந்த இரும்புப் பட்டா அடித்துக்கொண்டு வந்தீர்கள். எல்லாப் பட்டாவும் ஒரே அகலம் இருக்க வேண்டும் என்று கோயில் கூட்டத்தில் சட்டம் போட்டோம். அடுத்த முறை பக்கப் பலகைகளைக் கழற்றிவிட்டு வந்தீர்கள். அதற்கும் ஒரு சட்டம் போட்டோம். அப்போதும் உங்கள் முதுகைப் பார்த்துக்கொண்டேதான் ஓட்டினோம். எரிச்சலாக இருக்கும், அண்ணே. இப்போது சொன்னால் என்ன.

கடைசியில் கோயில் பெரியவர் ஒரு வழி சொன்னார்: "முன்னாடி ஜெயிச்சவன் வண்டியிலே கல்லு ஏத்தணும்." வயலில் பொறுக்கிக் குவித்த கருங்கல்லுக்கு அப்படி ஒரு வேலை வந்தது. முதலில் ஒப்புக்கொண்டதே நீங்கள்தான். "நானே ஜெயிச்சிக்கிட்டு இருந்தா நீங்க எதுக்கு மாடு பூட்டணும்?" என்று சிரித்தீர்கள்.

முடிவைக் கடைத்தெருவில் அறிவித்த கடைக்காரருக்குத் தமிழ் என்றால் கோயில் பாட்டோடு சரி. போன வருஷத்தைக் குறித்த 'முன்னாடி' என்பதை வண்டியின் முன்பக்கம் என்று எடுத்துக்கொண்டு, "ரோஸ் தெவான்! ரோஸ் தெவான்!" என்று தீவின் கிரியோல் மொழியில் கத்தினார். அதாவது, கல் முன்னால்! பெரியவர் தலையைச் சொறிந்தார். அறிவித்தது அறிவித்ததுதான் என்று தோற்றுக்கொண்டிருந்த எல்லோரும் பிடித்துக்கொண்டார்கள்.

"தோக்கடிக்கணும்னா என்னையத் தோக்கடிங்க. மாட்டுக் கழுத்தை ஏன் புடிக்கிறீங்க?" என்று கேட்டீர்கள். ஆனாலும் சொன்னபடியே கல்லை முன்னால் ஏற்றிக்கொண்டு வந்து நின்றீர்கள்.

பாலத்துக்கு முன்னுள்ள இறக்கத்தில் பாரம் முழுவதும் நுகத்தடியில் இறங்கியது. அப்போதும் நீங்கள்தான் முதலில் போய்க்கொண்டிருந்தீர்கள். சட்டென்று வண்டியை நிறுத்திக் குதித்தீர்கள். மாட்டின் கழுத்தில் தோல் உரிந்திருந்தது. ஒவ்வொரு கல்லாக எடுத்துப் பாதையோரம் போட்டீர்கள். கல்லை இறக்கினால் பந்தயம் போச்சு என்று உங்களுக்குத் தெரியாதா? நான் கடக்கும்போது நிமிர்ந்து பார்த்து, "ஆலே, தம்பி! போ, போ!" என்று கையை வீசினீர்கள். போனேன். ஜெயித்தேன்.

அந்தப் பருவம் என் கரும்பு முதலில் போனது. உங்களுடையது வரிசையின் கடைசியில் காய்ந்து கிடந்தது. மழைக்காலத்தில் வந்த காய்ச்சல் உங்களைக் கொண்டுபோய்விட்டது. அந்தக் காய்ச்சலின் மேல் எனக்கு இன்னும் ஆத்திரம் ஆறவில்லை.

அதற்குப் பிறகுதான் கூட்டத்துக்குப் புத்தி வந்தது. கல் அச்சுக்கு நேர் மேலே இருக்க வேண்டும் என்று திருத்தினார்கள். முதலில் ஏற்றியவன் நான். உங்கள் மாட்டின் கழுத்தை உரித்த அதே கற்கள். இப்போது ஒவ்வொரு வருஷமும் வேறு வேறு ஆள் ஜெயிக்கிறார். சண்டை இல்லை, முணுமுணுப்பும் இல்லை. நாம் கேட்டது அதைத்தானே?

நாளை மறுபடி பந்தயம். பாலத்து இறக்கம் வந்தால் ஒவ்வொரு முறையும் கயிற்றை இழுத்துப் பிடித்து மாட்டின் கழுத்தைத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் விடுகிறேன். அதில் பலமுறை தோற்றும் இருக்கிறேன். அது பரவாயில்லை. தடவிவிட்டு நிமிர்ந்தால், முன்னாடி நீங்கள் இல்லை, அண்ணே.