இரண்டு காதும் தெரிய ஒரு படம்

பிப்ரவரி 2

அன்புள்ள கேமராக்காரருக்கு,

நான் நலம். நீங்களும் நலமாகத்தான் இருப்பீர்கள். படப்பிடிப்பு என்று வந்துவிட்டால் காய்ச்சல்கூட உங்கள் பக்கம் தலைவைத்துப் படுக்காது. நான் அக்கா வீட்டுக்கு வந்து இன்றோடு ஆறு வாரம். ஏன் போனாய் என்று கேட்டு உங்களிடமிருந்து இரண்டு வரி வரவில்லை. 'ஒளிப்பதிவு' என்ற எழுத்துக்குக் கீழே முதல் தடவையாக உங்கள் பெயர் வரப்போகிற படம், தலைக்கு மேல் வேலை இருக்கும். பதினோரு வருஷம் உதவியாளராகவே இருந்து நீங்கள் காத்திருந்ததைப் பக்கத்தில் இருந்து பார்த்தவள் நான். அதனால் சண்டை போட எழுதவில்லை. ஒரு காரியமாக எழுதுகிறேன்.

துணி ஆலை ஒன்றில் பெண்கள் விடுதிக்கு மேற்பார்வையாளர் வேலை காலியாக இருக்கிறது. இங்கிருந்து ரயிலில் ஒரு பகல் தூரம். தங்க அறை உண்டு, இரண்டு வருஷ ஒப்பந்தம். படிவம் வாங்கி வைத்திருக்கிறேன். அது இருபத்தைந்தாம் தேதிக்குள் அங்கே போய்ச் சேர வேண்டும். அங்கே போவதா, உங்களிடம் திரும்பி வருவதா என்று இன்னும் முடிவு செய்யவில்லை. உங்களிடம் மறைத்து எனக்கு என்ன ஆகப்போகிறது?

படிவத்தில் புகைப்படம் ஒட்ட வேண்டுமாம். நேராகப் பார்த்து, இரண்டு காதும் தெரிய. என் படம் என்று ஒன்றுகூட என்னிடம் இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள். "கேமராக்காரர் பொண்டாட்டிக்கு ஒரு போட்டோ இல்லையா? வெளியில சொல்லிடாதடி!" கல்யாணத்தன்று வந்த போட்டோக்காரரை, ஃபிளாஷ் அடித்தால் முகம் வெளுத்துவிடும் என்று திருப்பி அனுப்பிவிட்டு நீங்களே முப்பத்தாறு படம் எடுத்தீர்கள். கேமராவில் பிலிம்தான் இல்லை.

அங்கே பெட்டி பெட்டியாகப் பிலிம் துண்டுகள் வைத்திருக்கிறீர்களே, அதில் நான் இருக்கிற ஒன்றைத் தேடிப் பிரிண்ட் போட்டு அனுப்புங்கள். வேளைக்குச் சாப்பிடுங்கள்.

உங்கள்
சிலை


பிப்ரவரி 7

என் சிலைக்கு,

உன் கடிதத்தை ஏணி மேல் நின்றபடியே படித்தேன். கீழே இருந்து லைட்மேன், "சார், விளக்கத் திருப்பவா வேணாமா?" என்று கத்திக்கொண்டே இருந்தார்.

ஏன் போனாய் என்று நான் கேட்காதது உண்மைதான். கேட்டால் பதில் சொல்வாயே என்று பயம். கடைசியாக நான் உன்னிடம் கேட்டது, "ரூம்ல பல்பு மாத்தினியா?" என்பது. நீ ஒரு பார்வை பார்த்தாய். மறுநாள் பெட்டியைக் கட்டிவிட்டாய். பல்பைப் பற்றிக் கேட்டது அவ்வளவு பெரிய குற்றமா? அறையில் இருட்டு கொஞ்சம் குறைந்த மாதிரி இருந்தது, கேட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை பூராவும் துண்டுகளை ஜன்னலில் பிடித்துப் பார்த்தேன். எல்லாவற்றிலும் நீ இருக்கிறாய். நாயகி ஒப்பனை முடித்து வரும்வரை, அவள் நிற்க வேண்டிய இடத்தில் நீ நிற்கிறாய், நான் விளக்கு வைக்கிறேன். எத்தனை நாயகிகளுக்காக நின்றிருக்கிறாய்! செட்டில் உனக்குச் சிலை என்று பெயர் வைத்தவர்கள் சும்மா வைக்கவில்லை. ஆனால் ஒவ்வொன்றிலும் வண்ண அட்டையை முகத்துக்கு நேரே பிடித்திருக்கிறாய். லேபில் நிறம் சரிபார்க்க அட்டை வேண்டும் என்று பிடிக்கச் சொன்னவன் நான்தான். ஒரு துண்டில் உன் நெற்றி கிடைத்தது. இன்னொன்றில் ஒரு காது. இரண்டு காதும் சேர்ந்த மாதிரி ஒன்றுகூட இல்லை. எனக்கே வெட்கமாகப் போய்விட்டது.

இன்னும் இரண்டு பெட்டி பாக்கி இருக்கிறது. தேடுகிறேன். ஆனால் அந்தப் படிவத்தை அனுப்பாதே. வந்துவிடு. நீ இல்லாமல் இங்கே ஒன்றும் ஓடவில்லை.

கல்யாணத்தன்று பிலிம் போட மறந்ததை இனிமேல் சொல்லிக்காட்டாதே. அன்று எனக்குக் கை நடுங்கியது. அதற்கு முன்னும் பின்னும் கேமரா பிடித்த கை நடுங்கியதில்லை.

உன்னவன்


பிப்ரவரி 12

அன்புள்ள உங்களுக்கு,

கை நடுங்கியது என்று ஒன்பது வருஷம் கழித்துச் சொல்கிறீர்கள்! அன்றைக்கே சொல்லியிருந்தால் முப்பத்தாறு படமும் வந்த மாதிரி இருந்திருக்கும் எனக்கு. அந்த வரியை மட்டும் நாலு தடவை படித்தேன். அக்கா காபி ஆறுகிறது என்று சத்தம் போட்டாள், காதில் விழவே இல்லை.

கடிதத்தை அவளிடமும் காட்டினேன். "போயேன்டி, அதான் வாய்விட்டுக் கூப்பிட்டுட்டாரே. இன்னும் என்ன வெத்தல பாக்கா வெக்கணும்?" என்றாள். படிவத்தை அலமாரியில் விரித்த தாளுக்கு அடியில் வைத்துவிட்டேன். துணிகளை மடித்தாகிவிட்டது. பெட்டியை மூடவில்லை, அவ்வளவுதான்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். 'நீ இல்லாமல் ஒன்றும் ஓடவில்லை' என்று எழுதியிருக்கிறீர்கள். என்ன ஓடவில்லை? எதற்காக என்னை வரச் சொல்கிறீர்கள்? ஒரு வரி எழுதினால் போதும். எதை எழுதினாலும் நான் கிளம்பிவிடுவேன் என்று அக்கா சொல்கிறாள். எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது, ஆனாலும் அந்த வரியை நான் பார்க்க வேண்டும்.

புகைப்படம் இனித் தேட வேண்டாம். கண்ணைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள்.

உங்கள்
சிலை


பிப்ரவரி 16

என் சிலைக்கு,

உயிர் வந்தது. நீ வருகிறாய் என்றதும் டைரக்டரிடம்கூடச் சொல்லிவிட்டேன்.

என்ன ஓடவில்லை என்று கேட்டாயே, கேள். போன வாரம் எடுத்ததைப் போட்டுப் பார்த்துவிட்டு, "முகத்துல உயிரே இல்லையே" என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டார் டைரக்டர். அடுத்து நாயகி ஜன்னலோரம் நிற்கிற காட்சி. படத்துக்கே உயிர்நாடி, பத்து நாள் வேலை. அதுவும் சொதப்பினால் வேறு ஆளைக் கூப்பிடப் போவதாகக் காதில் விழுகிறது. நாயகியோ கடைசி நிமிஷத்தில்தான் வருகிறார். அவருக்குப் பதிலாக நிற்க ஒரு பெண்ணைக் கொடுத்திருக்கிறார்கள். ஐந்து நிமிஷம் சேர்ந்தாற்போல் நிற்க மாட்டேன் என்கிறாள். கால் மாற்றுகிறாள், கொட்டாவி விடுகிறாள். நான் வைத்த வெளிச்சமெல்லாம் பாழ். உன்னைப் போல அசையாமல் நிற்க ஊரில் ஆளே இல்லை. நீ ஒருத்தி நின்றால் போதும், அந்தக் காட்சியை நான் ஜெயித்துவிடுவேன்.

வரும்போது முடியை ஒற்றைப் பின்னலாகப் போட்டு முன்னால் விட்டுக்கொண்டு வா. நாயகிக்கும் அதே மாதிரிதான். பின்னலோரம் விழுகிற நிழலை உன்னை வைத்தே முடிவு செய்துவிடலாம்.

கடைசிப் பெட்டியில் ஒன்று கிடைத்தது, பெரிதாக்கி இத்துடன் வைத்திருக்கிறேன். அட்டையை இறக்கிவிட்டு நிற்கிறாய். இரண்டு காதும் இருக்கிறது. முகம்தான் மங்கல், ஃபோகஸ் அட்டை இருந்த இடத்தில் நின்றுவிட்டது. இனி படிவத்துக்கு அவசியமில்லையே, இருக்கட்டும்.

எந்த வண்டி என்று எழுது. ஆள் அனுப்புகிறேன்.

உன்னவன்


பிப்ரவரி 21

அன்புள்ள உங்களுக்கு,

ஆள் அனுப்ப வேண்டாம். நான் வரவில்லை.

நீங்கள் பொய் சொல்லவில்லை. கேட்டேன், உள்ளதை உள்ளபடி எழுதினீர்கள். அதற்காகக் கோபப்பட முடியவில்லை, அழத்தான் முடிந்தது. மடித்த துணியையெல்லாம் அக்கா மறுபடி அலமாரியில் அடுக்கினாள்.

பின்னலை முன்னால் விட்டுக்கொண்டு வரச் சொன்னீர்கள். என்னிடம் பின்னல் இல்லை. டிசம்பர் இரண்டாம் வாரமே வெட்டிவிட்டேன். இடுப்பு வரை இருந்தது இப்போது தோளைக்கூடத் தொடாது. வெட்டிக்கொண்டு வந்த அன்று சாயங்காலம், ஏன் வெட்டினாய் என்று கேட்பீர்கள், என்ன சொல்வது என்று பதில் எல்லாம் யோசித்து வைத்திருந்தேன். ஒரு நாள் ஆயிற்று, ஒரு வாரம் ஆயிற்று. எதிரே உட்கார்ந்து சாப்பிட்டீர்கள், பக்கத்தில் தூங்கினீர்கள். பன்னிரண்டாம் நாள் என்னைப் பார்த்து, பல்பு மாற்றினாயா என்று கேட்டீர்கள். அறையில் இருட்டு குறைந்தது உண்மைதான். குறைந்தது என் முடி.

என்னை இத்தனை மணி நேரம் உற்றுப் பார்த்தவர் உலகத்தில் வேறு யாரும் இல்லை. அத்தனையும் இன்னொருத்தி முகத்துக்காகப் பார்த்தீர்கள். உங்களைப் பிடிக்காமல் போயிருந்தால் இது எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

நேற்று முன்தினம் கடைத்தெருவில் ஒரு ஸ்டூடியோவுக்குப் போனேன். சாயம் போன திரை, இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இரண்டு குடை விளக்கு. நீங்கள் பார்த்தால் தலையில் அடித்துக்கொள்வீர்கள். ஸ்டூலில் உட்காரச் சொன்னார். பழக்கதோஷம், மூச்சை அடக்கிக்கொண்டு கல் மாதிரி உட்கார்ந்திருந்தேன். அவர் கேமராவுக்குப் பின்னாலிருந்து தலையை நீட்டி, "மூச்சு விடுங்கம்மா, நான் ஒண்ணும் ஊசி போடல" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்த நேரம் பார்த்து எடுத்துவிட்டார். முகம் அசைந்திருக்குமே, இன்னொன்று எடுத்துவிடுங்கள் என்றேன். "அசைஞ்சா என்னம்மா, நீங்கதானே அது" என்றார்.

படிவத்தில் அந்தப் படத்தைத்தான் ஒட்டி, நேற்றே தபாலில் சேர்த்துவிட்டேன். இந்த வேலை கிடைக்காவிட்டால் இன்னொன்று கிடைக்கும். திரும்பி மட்டும் வரமாட்டேன்.

உங்கள் காட்சி நன்றாக வர வேண்டும். மனதாரச் சொல்கிறேன். பதினோரு வருஷம் நின்றவள் என்பதால் ஒரு யோசனையும் சொல்கிறேன். அந்தப் பெண் கால் மாற்றுகிறாள் என்றால் கால் வலிக்கிறது என்று அர்த்தம். விளக்கை நகர்த்துகிற நேரத்தில் உட்கார ஒரு ஸ்டூல் போடுங்கள், தண்ணீர் கொடுங்கள். அவள் பெயர் என்ன என்று கேளுங்கள். நீங்கள் என்னிடம் கேட்டது மூன்றாவது படத்தில்.

படத்தில் ஒரு பிரதி மிச்சம் இருந்தது, இத்துடன் வைத்திருக்கிறேன். வெளிச்சம் தட்டையாக விழுந்திருக்கிறது, நிழலே இல்லை, உங்களுக்குப் பிடிக்காது. ஆனாலும் பாருங்கள். நான் இப்போது இப்படித்தான் இருக்கிறேன்.

இரண்டு காதோடும்,
நான்