தாய்வீட்டில் லூப்பு எதற்கு

4 ஜூன் 2003, புதன். சின்னமனூர்.
காலையிலிருந்து சாரல், காற்று. குழந்தைத் துணி எதுவும் காயவில்லை. அங்கன்வாடியில் சின்னவளுக்குத் தடுப்பூசி. அடுத்த பிள்ளை தள்ளிப்போட லூப்பு வைத்துக்கொள்ள வேண்டும் என்று நர்ஸிடம் மெதுவாகத்தான் சொன்னேன். தெருவுக்கே கேட்கிற மாதிரி பதில்.
“வீட்டுக்காரர் கம்பத்துல. நீ அம்மா வீட்டுல. இங்கன எதுக்கும்மா லூப்பு?”
ஊசிக்கு வந்தவர்கள் எல்லாம் சிரிப்பு. ஒருத்தி, “கடைசி பஸ்ஸுல வந்துட்டுப் போறாகளோ என்னவோ” என்றாள். கூட வந்த அம்மாவுக்கு முகம் செத்துப்போயிற்று.

5 ஜூன், வியாழன்.
அம்மா இன்னும் பேசவில்லை. கம்பத்தில் மாமியார் வீட்டில் நாள் பார்த்துவிட்டார்களாம். அடுத்த வியாழன் என்னைக் கூப்பிட வருகிறார்கள். அங்கே போனால் வைக்க முடியாது. மாமியாருக்குப் பேரன் வேண்டும். அவர் மகன் வாயே திறக்க மாட்டார்.
பெரியவள் பிறந்தபோது அம்மா சொன்னது: “பால் குடுக்கையில கரு நிக்காதுடி.” நம்பினேன். நின்றது. எட்டு மாதத்தில் வேப்பெண்ணெய் தடவி அவளுக்குப் பால் மறக்கடித்தேன். இப்போதும் சின்னவள் குடிக்கும்போது பக்கத்தில் வந்து நிற்கிறாள். கேட்பதில்லை. நிற்கிறாள்.
அம்மாவும் அப்படி நம்பியவள்தான். என் கடைசித் தங்கைக்கு வயது மூன்று.

9 ஜூன், திங்கள்.
வாங்க: கிரைப் வாட்டர், தேங்காய் எண்ணெய், பெரியவளுக்கு ஜட்டி.
கடைக்கு என்று சொல்லிவிட்டுத் தனியாக ஆஸ்பத்திரி. வீட்டுக்காரர் எங்கே என்றார் டாக்டரம்மா. “வெளிய நிக்காக” என்றேன். வைத்துவிட்டார். என் வயிற்றுக்கு நான் போதாதாம். இல்லாத புருஷனை வாசலில் நிறுத்தினால்தான் கதவு திறக்கிறது.
பஸ் ஸ்டாண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். அடிவயிறு சுண்டி இழுத்தது. யாரிடமாவது சொல்ல வேண்டும் போல. யாருமில்லை. எண்ணெய் வாங்க மறந்தாயிற்று.

10 ஜூன், செவ்வாய்.
வலி. சுருண்டு படுத்திருந்தேன். அம்மா கருப்பட்டிக் காபியைத் தலைமாட்டில் வைத்துவிட்டுப் போனாள். என்னவென்று கேட்கவில்லை. தெரிந்துவிட்டது.

12 ஜூன், வியாழன். கம்பம்.
மாமியார்தான் கூப்பிட வந்தார். பஸ்ஸில் சின்னவளை மடியில் போட்டு, “அடுத்தது தம்பிதான ஆத்தா?” என்று கொஞ்சல். பையைக் கொடுக்கிற சாக்கில் அம்மா ஜன்னல் வழியாக என் கையைப் பிடித்தாள். மாமியாருக்குக் கேட்காத குரல்.
“ஏடி, ரொம்ப வலிச்சுச்சா?”
எனக்காக மட்டும் கேட்கவில்லை. அம்மாவுக்கு இன்னும் நாற்பது ஆகவில்லை. அவளுக்கும் நிற்கலாம். பஸ் எடுத்துவிட்டார்கள்.
இல்லை என்று தலையாட்டினேன்.