வில்ஃப்ரான்ஷில் எட்டரை மணி நேரம்

கார்க், அயர்லாந்து
ஆகஸ்ட் 3

அன்புள்ள நூலா,

கடல் என்றால் எனக்குப் பயம் என்று என் மருமகள் மேவ் உனக்கு எழுதியிருக்கிறாள். அது தவறு. சுற்றுலாக் கப்பலில் அவளோடு பன்னிரண்டு நாள் ஒரே மேசையில் சாப்பிட வேண்டுமே என்றுதான் முதலில் வரமாட்டேன் என்றேன். இப்போது வருகிறேன். கப்பல் செப்டம்பர் 19 அன்று உன் ஊரில் நிற்கிறது. காலை எட்டு முதல் மாலை நாலரை வரை.

அந்த நாளை எப்படிக் கழிப்பது என்று ஒரு தாள் அனுப்பியிருக்கிறார்கள். மொனாக்கோவுக்குப் பேருந்து, வாசனைத் திரவியக் கூடம், கண்ணாடி அடித்தளப் படகு. ஒன்றைத் தேர்ந்து குறியிட வேண்டுமாம். 'தோழியின் சமையலறையில் உட்கார்ந்திருப்பது' என்று ஓரத்தில் நானே எழுதி, அதற்குக் குறியிட்டு அனுப்பிவிட்டேன்.

நாற்பத்தொரு வருடம் ஆகிறது நாம் பார்த்து. எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. தினமும் காலைப் பூசைக்கு நடந்தே போகிறேன். கான்வென்ட்டில் நிமிர்ந்து நடப்பதற்கான நீல நாடா நான்கு வருடமும் யாருக்குக் கிடைத்தது என்பதை நீ மறந்திருக்க மாட்டாய்.

உன்
ஹனோரா


வில்ஃப்ரான்ஷ்
ஆகஸ்ட் 15

என் ஹனோரா,

மறப்பேனா? "நூலா, மூட்டை மாதிரி நடக்காதே! ஹனோராவைப் பாரு!" என்று மதர் அலோசியஸ் கத்தியது இன்னும் காதில் இருக்கிறது. இப்போது காதில் இருப்பது அது மட்டும்தான். தொலைபேசி மணிகூடக் கேட்பதில்லை. அதனால் நீ எழுதுவதை நிறுத்திவிடாதே.

பெரிய கப்பல்கள் இங்கே கரைக்கு வராது. விரிகுடா நடுவில் நிற்கும். சிறு படகில் ஆட்களை இறக்கிவிடுவார்கள். மீனவர் கோயிலுக்கு எதிரே, படகுத்துறை பெஞ்சில் எட்டு மணிக்கே உட்கார்ந்திருப்பேன். சந்தையில் கடலைமாவு அடை சுடச்சுட வாங்கி வைக்கிறேன். என் வீட்டுக்கு அறுபத்திரண்டு படி. நீல நாடாக்காரிக்கு அது ஒரு பொருட்டா?

என் கணவர் பியேர் போன பிறகு இந்தச் சமையலறையில் எனக்கு எதிரே யாரும் உட்கார்ந்ததில்லை.

நூலா


கப்பலில், லிஸ்பன்
செப்டம்பர் 11

அன்புள்ள நூலா,

என் அறைக்கு ஜன்னல் இல்லை. ஜன்னல் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு திரை; அதில் கடலைக் காட்டுகிறார்கள். விளக்கை அணைத்தால் கடலும் அணைந்துவிடுகிறது. பெட்டிக்குள் மடித்துவைத்த சட்டை மாதிரி கிடக்கிறேன்.

கப்பலை விட்டு இறங்க ஒரு அட்டை வேண்டும். என் அட்டையை மகன் ஃபெர்கஸ் தன் அட்டையோடு சேர்த்துத் தன் கழுத்தில் மாட்டிக்கொண்டிருக்கிறான். கேட்டால், "நீங்க தொலைச்சிடுவீங்கம்மா" என்கிறான். எண்பத்தொரு வயதில் என் பிள்ளையிடம் அனுமதி கேட்டு நிற்கிறேன்.

சிறு படகில் ஏற ஒரு சோதனை உண்டு. தரையில் இரண்டு மஞ்சள் பட்டை ஒட்டியிருப்பார்கள். யாரையும் பிடிக்காமல் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு ஒரே அடியில் தாண்ட வேண்டும்.

"எதுக்கும்மா இந்தப் பிடிவாதம்? அன்னிக்கு கப்பல்லயே இருங்களேன். சீட்டாட்டம் இருக்கு, தேநீர் விருந்து இருக்கு."

"சீட்டாடவாடா நாற்பத்தொரு வருஷம் காத்திருந்தேன்?"

அறைக் கம்பளத்தில் தினமும் பழகுகிறேன். பெஞ்சில் எனக்கும் இடம் வை.

ஹனோரா


வில்ஃப்ரான்ஷ்
செப்டம்பர் 19, மாலை

ஹனோரா,

எட்டு மணியிலிருந்து நாலு மணி வரை பெஞ்சில் இருந்தேன். பதினொரு மணிப் படகில் உன் மகன் இறங்கி வந்தான். என் காதருகே குனிந்து, "ஆன்ட்டி, அம்மாவுக்குத் தலைசுத்தல். வர முடியல. மன்னிச்சிடுங்க" என்றான். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. அவன் கழுத்தில் ஒரே ஒரு அட்டைதான் தொங்கியது. உன் அட்டையை எங்கே பூட்டி வைத்தானோ!

"அவளைச் சிறை வெச்சிருக்கியா நீ?" என்று துறையில் எல்லோரும் திரும்பிப் பார்க்கும்படி கேட்டேன். தலைகுனிந்து போய்விட்டான். பெற்ற தாயை அடைத்து வைக்கும் பிள்ளை என்று எங்கள் தெரு முழுக்கச் சொல்லிவிட்டேன். நீ சரி என்று ஒரு வார்த்தை எழுது, உங்கள் பங்குச் சாமியாருக்கும் எழுதுகிறேன்.

நூலா


கார்க்
அக்டோபர் 2

நூலா,

யாருக்கும் எழுதாதே. உன் தெருவில் சொன்னதையும் நீயே திருத்த வேண்டும். ஃபெர்கஸ் என்னை அடைத்து வைக்கவில்லை.

மஞ்சள் பட்டையை நான் தாண்டிவிட்டேன். 19ஆம் தேதி காலை எட்டரைக்கு அவனே என் கழுத்தில் அட்டையை மாட்டி, படகு வாசல் வரை கூட்டி வந்தான். வெளியே கம்பளம் இல்லை. படகு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. எனக்கு முன்னால் நின்ற கிழவியை இரண்டு மாலுமிகள் அக்குளில் கைகொடுத்துத் தூக்கி, உள்ளே இருந்தவனிடம் கொடுத்தார்கள். பாவாடை முழங்காலுக்கு மேல் ஏறிவிட்டது. அதற்குப் பின்னால் அவள் பிடித்து நடக்கும் வாக்கரையும் மடித்துக் கொடுத்தார்கள்.

என்னிடமும் ஒரு வாக்கர் இருக்கிறது, நூலா. மூன்று வருடமாக. பூசைக்கு நான் நடந்து போவதில்லை. ஃபெர்கஸ்தான் தினமும் காரில் கொண்டுபோய் விடுகிறான். இதை உனக்கு எழுத எனக்கு மனம் வரவில்லை.

"இவ்வளவு தூரம் வந்துட்டீங்க. அவங்க காத்துட்டிருக்காங்கம்மா" என்று அவன் கெஞ்சினான். நீ பார்க்க அப்படி வந்து இறங்க மாட்டேன் என்று திரும்பிவிட்டேன். தலைசுற்றல் என்று சொல்லச் சொல்லி நான்தான் அனுப்பினேன். நீ சிறை என்று கேட்டதையும் வாங்கிக்கொண்டு வந்தான். என்னிடம் அதைச் சொல்லவே இல்லை. உன் கடிதத்தைப் படித்துத்தான் எனக்குத் தெரியும்.

மேல்தளத்தில் மேவின் தொலைநோக்கியை வாங்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நீலச் சட்டை போட்டிருந்தாய். ஒவ்வொரு படகு வந்தபோதும் எழுந்து நின்றாய், பதினான்கு தடவை. நேராக நின்றாய், கையில் கோல்கூட இல்லாமல். மதியம் வரை அடையைப் பிரிக்கவே இல்லை. அதற்கு மேல் அதைப் பிய்த்துக் கடற்பறவைகளுக்குப் போட்டாய். அப்போது ஃபெர்கஸிடம், "இப்பப் போலாமா?" என்றேன். காற்று எழுந்துவிட்டது, இனி வாக்கர்காரர்களை ஏற்ற மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள்.

இனி என்னால் அங்கே வர முடியாது. என் சமையலறைக்குப் படி கிடையாது. வசந்தத்தில் நீ இங்கே வருவாயா? வந்தால், நான் வாக்கரோடுதான் கதவைத் திறப்பேன்.

வருவாயா மாட்டாயா என்று உன் கையாலேயே எழுதி அனுப்பு.

ஹனோரா