உங்களை வரைந்திருக்கிறேன்

மார்ச் 3

அன்புள்ள எக்ஸ்ரேக்காரருக்கு,

நலமா? இருமல் நின்றதா? மருத்துவமனையிலேயே வேலை பார்த்துக்கொண்டு, மருந்து வாங்க மட்டும் நேரமில்லை என்று சொல்லும் ஆள் உலகத்திலேயே நீங்கள் ஒருவராகத்தான் இருப்பீர்கள்.

ஒரு செய்தி. என் படங்கள் அடுத்த வாரம் உங்கள் ஊருக்கு வருகின்றன. நூலகத்துக்குப் பக்கத்துக் கூடத்தில் இந்த மாதம் முழுக்க மாட்டியிருப்பார்கள். நான் வரவில்லை. ஓவியப் பள்ளியில் கேட்டால் லீவு கிடைக்கும், தைரியம்தான் கிடைக்கவில்லை. எல்லாப் படத்திலும் நீங்கள்தான் இருக்கிறீர்கள். கேட்காமல் வரைந்துவிட்டேன், கோபித்துக்கொள்ள வேண்டாம்.

"இந்த வீட்ல இருந்தா ஒரு கோடு கூட என்னால போட முடியாது" என்று கத்திவிட்டு வந்தவள்தான் இதை எழுதுகிறேன். போய்ப் பாருங்கள். பார்த்த பிறகு, நான் வீட்டுக்குத் திரும்பி வரலாமா என்று சொல்லுங்கள்.

உங்கள் (இன்னும் இப்படி எழுதலாமா?)
மனைவி


மார்ச் 11

ஓவியரம்மாவுக்கு,

இருமல் போய்விட்டது. நீ கேட்டதும் பயந்து ஓடியிருக்கும்.

இன்னும் கூடத்துக்குள் போகவில்லை. பஸ் அந்த வழியாகத்தான் போகிறது, தினமும் எட்டிப் பார்க்கிறேன். வாசலில் கட்டியிருக்கும் பேனரில் ஒரு ஆள் முதுகைக் காட்டிக்கொண்டு சட்டைக்கு இஸ்திரி போடுகிறான். எங்கள் வார்டு நர்ஸக்கா, "சார், அந்த முதுக எங்கயோ பாத்த மாதிரி இருக்கே" என்று எல்லோர் முன்னாலும் கேட்டுவிட்டார். மானம் கப்பலேறிவிட்டது. தனியாகப் போகக் கூச்சமாக இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை அவரையே துணைக்குக் கூட்டிப் போகிறேன்.

வரலாமா என்று கேட்டிருக்கிறாய். உன் அறையில் நான் அடைத்து வைத்திருந்த பெட்டிகளை நேற்று வெளியே எடுத்தேன். ஜன்னலையும் துடைத்தேன். அதற்காக நான் சம்மதித்துவிட்டதாக நினைக்காதே. தூசி இருந்தது, துடைத்தேன்.

இப்படிக்கு,
பேனர் முதுகுக்காரன்


மார்ச் 16

அன்புள்ள உங்களுக்கு,

ஜன்னலைத் துடைத்தேன் என்ற வரியைத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருக்கிறேன். தூசி இருந்தது என்று சொல்லிக் கடிதத்தை முடித்திருக்கிறீர்களே, உங்கள் அழுத்தம் யாருக்கு வரும்!

இங்கே வந்த புதிதில் மலை வரைந்தேன், மழை வரைந்தேன், ரயில் நிலையத்துக் கூட்டத்தை வரைந்தேன். எல்லாம் காலண்டர் படம் மாதிரி உயிரில்லாமல் கிடந்தன. ஒருநாள் துணி காயப்போடும்போது, ஒவ்வொன்றையும் உதறிவிட்டுக் காலரை நீவிவிடுகிறேன். இது என் பழக்கமில்லையே, யாருடையது என்று யோசித்தேன். ஈரக் கையோடு உட்கார்ந்து அங்கேயே வரைய ஆரம்பித்தேன். அதற்குப் பிறகு கை நிற்கவே இல்லை. இஸ்திரி, வெங்காயம், செருப்பை ஜோடியாகத் திருப்பி வைப்பது, அத்தனையும் எனக்குள் இருந்திருக்கிறது. பாழாய்ப்போன எனக்குத்தான் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை போனீர்களா? பதில் வராததால் சாப்பாடு இறங்கவில்லை.

உங்கள்
மனைவி


மார்ச் 22

அன்புள்ள உனக்கு,

போனேன். நர்ஸக்கா முதல் படத்தைவிட்டு நகரவே இல்லை. "இவ்ளோ ஆசையா ஒரு ஆள யாராவது பாப்பாங்களா சார்?" என்றார். வெங்காயம் நறுக்கும்போது முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொள்வேன் என்பது எனக்கே தெரியாது. நான் செய்வதெல்லாம் சும்மா வீட்டு வேலை என்றுதான் இத்தனை காலம் நினைத்திருந்தேன். பார்க்கப் பார்க்க அழுகை வந்துவிட்டது. ஏசி ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்லிச் சமாளித்தேன்.

கடைசியில் அந்த டீ படம். உன் அறை வாசலில் நான் கோப்பையோடு நிற்கிறேன், ஆவி பறக்கிறது, உன்னைப் பார்த்துச் சிரிக்கிறேன். அந்த ஆவியை நீ எப்போது பார்த்தாய்? "வெச்சுட்டுப் போங்க" என்பாய், திரும்பமாட்டாய். ஆறி ஆடை படிந்த பிறகு நானே வந்து எடுத்துக்கொண்டு போய்க் குடிப்பேன். ஆனால் நான் சிரித்துக்கொண்டு நின்றது நிஜம். பார்க்காமலே அதைச் சரியாகப் போட்டுவிட்டாய். கெட்டிக்காரி நீ, சந்தேகமே இல்லை.

வீட்டுக்கு வந்து பாத்திரம் கழுவினால் கை ஓடவில்லை, யாரோ நின்று பார்க்கிற மாதிரியே இருந்தது. தினமும் எக்ஸ்ரே எடுக்க வருகிறவர்களிடமெல்லாம் "மூச்ச இழுத்துப் பிடிங்க, அசையாதீங்க" என்று சொல்கிறவன் நான். அவர்கள் எப்படி விறைத்துப் போகிறார்கள் என்று அன்றைக்குத்தான் புரிந்தது. சிரித்துக்கொண்டேன்.

உன்மேல் கோபமில்லை. வருத்தம் நிறைய இருக்கிறது. பக்கத்து அறையில் இருந்தபோது நீ ஒரு தடவை திரும்பிப் பார்த்திருக்கலாம். நானும் வாய்விட்டுக் கூப்பிட்டிருக்கலாம். இரண்டும் நடக்கவில்லை. நீ ஊரைவிட்டுப் போன பிறகுதான் நான் உன் கண்ணில் பட்டேன்.

நீ வந்தால் என்ன ஆகும் என்று இந்த வாரம் முழுக்க யோசித்தேன். கொஞ்ச நாள் திருவிழாதான். பிறகு ஒரு சாயங்காலம் நான் வந்து நிற்பேன், நீ முதுகைக் காட்டிக்கொண்டு வேறு எதையோ வரைந்துகொண்டிருப்பாய். உன் சுபாவம் அது, குற்றம் சொல்லவில்லை. முன்பு என்னால் தாங்க முடிந்தது, ஏனென்றால் நீ என்னை இவ்வளவு ஆசையாகப் பார்ப்பாய் என்று எனக்குத் தெரியாது. இப்போது தெரிந்துவிட்டதே.

அதனால் வராதேம்மா. அங்கேயே இருந்து என்னைப் பார்த்துக்கொண்டிரு.

உன்
வீட்டுக்காரன்