வால் முளைத்த கார்

ஆஸ்லோ, ஜனவரி 14

அன்புள்ள டோருனுக்கு,

உன் முட்டிவலி குறைந்ததா? சாப்பிட்ட பிறகுதான் மாத்திரை போடுகிறாயா? நான் நன்றாக இருக்கிறேன், இருமல்கூட இல்லை.

முதியவர்களை வீடு வீடாகப் போய்ப் பார்க்க, ஆபீஸில் எனக்குப் புது மின்சாரக் கார் கொடுத்திருக்கிறார்கள். நம் பழைய பெட்ரோல் கார் பத்து நிமிடம் உறுமிய பிறகுதான் சூடு தரும். இதில் ஏறும்போதே கதகதப்பு. ஆனால் குளிர் கூடினால் சார்ஜ் மளமளவென்று இறங்குகிறது.

முதல் நாள் எவ்வளவு மிதித்தும் நகரவில்லை. கூட வேலை செய்யும் ஈங்வில்ட் விழுந்து விழுந்து சிரித்தாள்.

"அண்ணே, வயரு இன்னும் சுவத்துல மாட்டியிருக்கு. அதைக் கழட்டாம இது ஒரு அடி நகராது!"

எனக்கு ஒரே ஆச்சரியம். நம் ஊர் கிர்க்கனஸ் குளிரில் என்ஜின் உறையாமலிருக்க நம் காரின் ஹீட்டர் வயரையும் ராத்திரி முழுக்கச் சுவரில் செருகித்தானே வைக்கிறோம்? ஆனால் அந்தக் கார் வயரைப் பிய்த்துக்கொண்டே ஓடிவிடும். நான் இங்கே வர, நீ என்னை விமான நிலையத்தில் விடக் கிளம்பிய அன்று பக்கத்து வீட்டு ஆர்விட், "வாலு முளைச்ச கார் போகுது பாருங்கடா!" என்று தெருவையே கூட்டினானே!

கம்பளிக் காலுறை இரண்டு ஜோடி அனுப்பு. வாரம் ஒருமுறை நம் காரைக் கிளப்பி, அந்தச் சத்தத்தைப் பதிவு செய்தும் அனுப்பு. ரிப்பேர் ஏதும் இருக்கிறதா என்று பார்க்கத்தான்.

ஒன்று கேட்கவேண்டும். வயரைக் கழற்றுவது எப்போதும் உன் வேலை. பத்தொன்பது வருடத்தில் ஒரு நாளும் நீ மறந்ததில்லை. நான் கிளம்பிய அன்றைக்கு மட்டும் எப்படி மறந்தாய்?

ஈங்வில்ட் ஹாரன் அடிக்கிறாள். ஓடுகிறேன்.

உன் ஹால்வார்